நிற்றலும் செலவே!



மேடையில் கணக்கைப் பற்றிப் பேசினால் கூட்டம் கலைந்துவிடும் என்பார் உளர். கணக்கு என்றாலே அஞ்சி ஒதுங்கும் நிலைக்குத் தமிழ் மாணாக்கருள் பலர் தள்ளப்பட்டிருப்பதே அதற்குக் கரணியம். ஆனால், அவர்களுக்குக் கூட்டவும் வகுக்கவும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 180ஐ 4ஆல் வகு என்றால் நொடியில் வகுத்துவிடும் மாணவன், அதே எண்களை ஒரு கதைக்குள் பொதிந்து, "ஒரு வண்டி புறப்பட்டது, இடையில் நின்றது, மீண்டும் சென்றது, அதன் சராசரி வேகம் என்ன?" என்று வினவினால் திகைத்து நிற்கிறான். அவன் இடறி விழுவது எண்ணில் அன்று, சொல்லில். சொல்லின் பொருள் விளங்காதவனுக்குக் கணக்கின் பொருளும் விளங்காது.

இது வெறும் பள்ளிக்கூடச் செய்தியும் அன்று. இந்திய இருப்புவழித் துறையின் பணித்தேர்வுகளில் நேரமும் தொலைவும் பற்றிய கணக்குகள் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றுள்ளன. அத்தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம். வினாத்தாள் தமிழில் வந்தும், வினாவைத் தமிழில் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வாராவிடின் வந்த உரிமையால் பயன் என்ன? ஒற்றை மதிப்பெண்ணில் வாழ்வு நழுவிப் போகும் தேர்வுகள் அவை. ஆகலின், இடையிடையே நின்று செல்லும் ஊர்தியின் கணக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனை அடிமுதல் நுனிவரை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மூன்று சொற்கள்

இக்கணக்கைத் திறக்கும் திறவுகோல்கள் மூன்று சொற்களே.

முதற்சொல் விரைவு. 'வேகம்' என வழங்கப்படுவது இதுவே. ஒரு மணிநேரத்தில் ஓர் ஊர்தி கடக்கும் தொலைவு அதன் விரைவு. தொலைவை நேரத்தால் வகுத்தால் விரைவு. தொலைவை விரைவால் வகுத்தால் நேரம். விரைவை நேரத்தால் பெருக்கினால் தொலைவு. இம்மூன்றும் ஒன்றே, மூன்று வாய்பாடுகளாக நெட்டுருச் செய்ய வேண்டுவதில்லை.

இரண்டாம் சொல் நிரவல். 'சராசரி' என்னும் அயற்சொல்லைக் கேட்டவுடன் மாணவனுக்கு நினைவு வருவது, "எல்லாவற்றையும் கூட்டு, எத்தனை என்று எண்ணி வகு" என்னும் நெட்டுருவே. அச்சொல்லுக்குள் நுழைந்து பொருள் காண அவனுக்கு வாயில் இல்லை. நிரவல் என்று சொல்லிப் பாருங்கள்! உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டா. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் இட்டு நிலத்தை மட்டமாக்குவதே நிரவுதல். நிரவும்போது மண் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மேடு எவ்வளவு அகலம், பள்ளம் எவ்வளவு அகலம் என்று பாராமல் எந்த உழவரும் நிலத்தை நிரவத் தொடங்குவதில்லை. இவ்வொன்றை நினைவிற் கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

மூன்றாம் சொல் செலவு. செல் என்னும் வேரினின்று பிறந்த இச்சொல்லுக்கு வழிச்செல்லுதல் என்பது பழம்பொருள். கைப்பொருள் போதல் என்பது இன்று பெருவழக்காய் நிற்கும் பொருள். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு முதற்பொருளில் செலவு இல்லை. அஃது ஓரடியும் நகரவில்லை. இரண்டாம் பொருளில் அதற்குச் செலவு உண்டு. நேரம் கரைந்துகொண்டே இருக்கிறது. தொலைவு கூடாமல் நேரம் மட்டும் செலவாவதே நிற்றல். இக்கணக்கின் கமுக்கம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

மேடும் பள்ளமும்

ஒரு பேருந்து 180 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஓடும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் ஓடுகிறது. வழியில் உணவிற்காக 30 மணித்துளியும், வேறிரண்டு ஊர்களில் 15 மணித்துளி வீதமும் நிற்கிறது. அதன் நிரவல் விரைவு யாது?

"நிற்பது செலவாகாது, ஆகவே விடை 60" என்பான் ஒருவன். "ஓடும்போது 60, நிற்கும்போது சுழி, கூட்டி இரண்டால் வகுத்தால் 30" என்பான் மற்றொருவன். முன்னவன் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. பின்னவன் பள்ளத்தைப் பார்த்தான். அதன் அகலத்தைப் பார்க்கவில்லை.

நேரத்தை நிலத்தின் அகலமாகக் கருதுக. விரைவை மண்ணின் உயரமாகக் கருதுக. கடந்த தொலைவே அங்குள்ள மண். 180 கிலோமீட்டரை 60 விரைவில் கடக்க 3 மணிநேரம் ஆகும். ஆகவே 60 உயரமுள்ள மேடு 3 மணி அகலத்திற்குக் கிடக்கிறது. நின்ற நேரம் 30, 15, 15 எனக் கூடி 1 மணி. அவ்வகலத்திற்கு மண்ணே இல்லாத பள்ளம். மேட்டு மண்ணை நான்கு மணி அகலத்திற்கும் நிரவினால் உயரம் என்ன ஆகும்? 180ஐ 4ஆல் வகுக்க, 45. மணிக்கு 45 கிலோமீட்டர் என்பதே விடை. வண்டி நில்லாமல் 45 விரைவிலேயே ஊர்ந்து சென்றிருப்பினும் அதே நேரத்தில்தான் ஊர் சேர்ந்திருக்கும். நிரவல் விரைவு என்பதன் பொருள் இதுவே.

முழுத்தொலைவை முழுநேரத்தால் வகுக்க. நின்ற நேரமும் முழுநேரத்தில் அடங்கும். இவ்வொரு சொற்றொடர் போதும்.

விரைவுகளைக் கூட்டாதே!

அடுத்த கணக்கு சற்றே கடியது. ஓர் ஊர்தி முதல் 120 கிலோமீட்டரை மணிக்கு 60 விரைவில் கடந்தது. 1 மணிநேரம் நின்றது. அடுத்த 120 கிலோமீட்டரை மணிக்கு 40 விரைவில் கடந்தது. நிரவல் விரைவு யாது?

அறுபதையும் நாற்பதையும் கூட்டிப் பாதியாக்கி 50 என்பது பெரும்பாலோர் விடை. நின்றதைச் சுழியெனச் சேர்த்து மூன்றால் வகுத்து 33 சொச்சம் என்பாரும் உளர். இரண்டும் பிழை. முதற்பகுதிக்கு 2 மணி. நிற்க 1 மணி. இறுதிப் பகுதிக்கு 3 மணி. ஆக 6 மணி. தொலைவு 240. விடை மணிக்கு 40 கிலோமீட்டர்.

நில்லாமலே சென்றிருப்பின் விடை 50 ஆகியிருக்குமோ? ஆகாது. 240ஐ 5ஆல் வகுக்க 48தான் வரும். தொலைவு இரண்டும் ஒன்றாயினும் நேரம் ஒன்றன்று; மெல்லச் சென்ற பகுதி மிகுதியான நேரத்தை விழுங்கிவிட்டது. ஆகவே நிரவல் அதன் பக்கமே சாய்கிறது. 60 விரைவில் 2 மணியும் 40 விரைவில் 2 மணியும் சென்றிருந்தால்தான் 50 என்பது பொருந்தும். விரைவுகளைக் கூட்டிப் பாதியாக்க உரிமை வேண்டுமாயின், நேரங்கள் ஒத்திருத்தல் வேண்டும் என்க.

இங்கு நுணுகி நோக்கத்தக்க ஒன்றுண்டு. இடையில் நில்லாத செலவாயின், பாதித் தொலைவு 60 விரைவு, பாதித் தொலைவு 40 விரைவு என்னும்போது, தொலைவு எவ்வளவாயினும் நிரவல் 48தான். 240 கிலோமீட்டராயினும் 24 கிலோமீட்டராயினும் மாறாது. ஆனால், நிற்றல் இடையில் புகுந்துவிட்டால் தொலைவும் கணக்கில் புகுந்துவிடுகிறது. அதே ஊர்தி 12 கிலோமீட்டரை 60 விரைவில் 12 மணித்துளியில் கடந்து, 1 மணி நின்று, மேலும் 12 கிலோமீட்டரை 40 விரைவில் 18 மணித்துளியில் கடப்பதாகக் கொள்க. மொத்தம் 24 கிலோமீட்டர், ஒன்றரை மணிநேரம். நிரவல் விரைவு 16 மட்டுமே! நெடுவழியில் சிறு குழியாய்த் தோன்றும் நிற்றல், குறுவழியில் பெரும்பள்ளமாகிவிடுகிறது. நகரப் பேருந்து எவ்வளவு உறுமி ஓடினாலும் மெல்லவே ஊர் சேர்வதற்கும், தொலைவண்டிக்குச் சில மணித்துளி நிற்றல் பெரிதாகத் தோன்றாமைக்கும் விளக்கம் இதுவே.

பத்தா, பன்னிரண்டா?

தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் வினா ஒன்றுண்டு. "நிற்கும் நேரம் நீங்கலாக ஒரு பேருந்தின் விரைவு மணிக்கு 54 கிலோமீட்டர்; நிற்கும் நேரம் உட்பட மணிக்கு 45 கிலோமீட்டர். ஒரு மணிநேரத்தில் அது எத்தனை மணித்துளி நிற்கிறது?"

இதில் தொலைவும் இல்லை, நேரமும் இல்லை, எதைக் கொண்டு கணக்கிடுவது என்று மாணவன் மலைக்கிறான். 'நீங்கலாக', 'உட்பட' என்னும் இரு சொற்களுமே இங்கு உயிர். கடிகையில் ஒரு மணிநேரம் கழிந்தால் வண்டி சென்றிருப்பது 45 கிலோமீட்டர். ஓடும்போது அதன் விரைவு 54. 54 விரைவில் 45 கிலோமீட்டர் ஓட ஆகும் நேரம், 60 மணித்துளியில் ஆறில் ஐந்து பங்கு. அஃதாவது 50 மணித்துளி. எஞ்சிய 10 மணித்துளி நின்றிருக்கிறது. விடை 10.

சிலர், குறைந்தது 9 கிலோமீட்டர் என்று கண்டு, அதனை 45ஆல் வகுத்து, 12 மணித்துளி என்பர். அவர் கணக்கிலும் ஒரு பொருள் இருக்கிறது. ஆனால் அது வேறு வினாவிற்கு விடை. 50 மணித்துளி ஓட்டத்திற்கு 10 மணித்துளி நிற்றல் என்றால், 60 மணித்துளி ஓட்டத்திற்கு 12 மணித்துளி நிற்றல். 'கழிந்த ஒவ்வொரு மணிக்கும்' என்றால் 10. 'ஓடிய ஒவ்வொரு மணிக்கும்' என்றால் 12. கழிந்த மணி வேறு. ஓடிய மணி வேறு. இவ்வேறுபாட்டைச் சொல்லிலேயே கண்டுகொள்பவன் எண்ணில் பிழைபடான்.

விரலும் இடைவெளியும்

மற்றொரு பொறி. ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் விரைவில் நடக்கிறார். ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் 5 மணித்துளி இளைப்பாறுகிறார். 5 கிலோமீட்டர் செல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நடக்க 60 மணித்துளி. இளைப்பாறுதல் ஐந்து முறை என்று எண்ணி 25ஐக் கூட்டி 85 என்று எழுதுவோரே மிகுதி. ஐந்தாம் கிலோமீட்டர் முடிந்தபோது அவர் ஊரையே சேர்ந்துவிட்டார், அதன்பின் இளைப்பாறுவது வீட்டுத் திண்ணையில், வழியில் அன்று. கையிலுள்ள விரல்கள் ஐந்து. அவற்றிடையே உள்ள இடைவெளிகள் நான்கு. ஆகவே நிற்றல் நான்கு முறை; 20 மணித்துளி. மொத்தம் 80 மணித்துளி. நிரவல் விரைவு மணிக்கு 3.75 கிலோமீட்டர்.

நீலமலை கற்பிக்கும் பாடம்

பொத்தகக் கணக்கை விட்டு, உண்மையான தொடர்வண்டி ஒன்றைக் காண்போர்க்கு மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் நீலமலை வண்டி நல்லாசான். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் அமைக்கப்பெற்ற இவ்விருப்புவழியை யுனெசுகோ நிறுவனம் 2005இல் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,200 மீட்டர் உயரத்திற்கு ஏறும் வண்டி அது. கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட செங்குத்தான வழியில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையைப் பொறியின் பல்லுருளை கவ்விப் பிடித்து ஏறுகிறது.

அவ்வண்டிக்கு நிற்றல் சோம்பல் அன்று, தொழில். நீராவிப் பொறிக்கு நீர் வேண்டும். இடையிடையே நின்று நிரப்பிக்கொள்கிறது. குன்னூரில் நீராவிப் பொறி கழற்றப்பட்டு டீசல் பொறி பூட்டப்படுகிறது. நில்லாமல் அவ்வண்டியால் செல்லவே முடியாது. நின்றதால்தான் சென்றது என்று சொல்லத்தக்க செலவு அது. அந்நேரத்தைக் கணக்கிலிருந்து தள்ளுவது யாங்ஙனம் பொருந்தும்?

தொலைவு 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு 290 மணித்துளி. இறங்குவதற்கு 215 மணித்துளி. ஏற்றத்தின் நிரவல் விரைவு மணிக்கு ஏறத்தாழ 9.52 கிலோமீட்டர், இறக்கத்தின் நிரவல் விரைவு 12.84. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 11.18. அது பிழை. ஏறியிறங்கிய முழுத்தொலைவு 92. முழுநேரம் 505 மணித்துளி. ஆகவே சரியான நிரவல் 10.93. ஏற்றம் மிகுதியான நேரத்தை விழுங்கியமையால் நிரவல் ஏற்றத்தின் பக்கம் சாய்ந்தது காண்க.

இன்னும் ஒன்று. உதகையில் 2 மணிநேரம் தங்கித் திரும்புவதாகக் கொண்டால், அத்தங்கலைச் சேர்ப்பதா, விடுவதா? வினாவின் சொல்லே முடிவு செய்யும். "ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் சேர்த்து" என்றால் 10.93. "புறப்பட்ட நொடிமுதல் மேட்டுப்பாளையம் மீண்ட நொடிவரை" என்றால் நேரம் 625 மணித்துளி, நிரவல் 8.83. எண்கள் மாறவில்லை, சொல் மாறியது, விடை மாறிவிட்டது!

290 மணித்துளி என்பதை மட்டும் கொண்டு, வண்டி ஓடும்போது எவ்விரைவில் ஓடியது என்று சொல்லவும் இயலாது. நின்ற நேரம் தெரிதல் வேண்டும். 50 மணித்துளி நின்றதாகக் கொண்டால், ஓடியது 240 மணித்துளி. ஓட்ட விரைவு 11.5. கொடுக்காத செய்தியைக் கற்பனையால் நிரப்பாமையும் கணக்கறிவின் ஒரு கூறே.

இழந்த நேரமும் இழக்கக் கூடாத உயிரும்

இக்கணக்கு தேர்வறையோடு முடிவதில்லை. ஒரு பேருந்து வழியில் 15 மணித்துளி மிகையாக நின்றுவிட்டது. இன்னும் 30 கிலோமீட்டர் இருக்கிறது. 60 விரைவில் சென்றால் 30 மணித்துளியில் சேரும். "இழந்ததை ஓட்டத்தில் பிடித்துவிடலாம்" என்று ஓட்டுநர் 80 விரைவில் விரட்டினால், 22 1/2 மணித்துளி ஆகும். மிச்சம் ஏழரை மணித்துளியே. பதினைந்தையும் மீட்க வேண்டுமாயின் 30 கிலோமீட்டரை 15 மணித்துளியில் கடக்க வேண்டும், மணிக்கு 120! நாற்பது ஐம்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு ஊர்களுக்கு நடுவே செல்லத்தக்க விரைவா அது?

எவ்விரைவாலும் மீட்க முடியாத நிலையும் உண்டு. 240 கிலோமீட்டரை மணிக்கு 80 நிரவலில் முடிக்க 3 மணிநேரமே உண்டு. முதற்பாதி 120 கிலோமீட்டரை 40 விரைவில் சென்றவர் அந்த 3 மணியையும் அங்கேயே தீர்த்துவிட்டார். எஞ்சிய பாதியை அவர் இமைப்பொழுதில் கடந்தாலன்றி அந்நிரவல் வாராது. அஃதாவது, வரவே வராது. கைப்பொருள் முழுவதும் தீர்ந்தபின் சிக்கனம் பேசுவதை ஒத்தது அது. இவ்வுண்மையைக் கற்ற ஓட்டுநர் விரட்ட மாட்டார். கற்ற பயணியர் விரட்டச் சொல்ல மாட்டார்.

ஐந்து படிகள்

வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முனையும் பெற்றோர் இவ்வைந்து படிகளை எழுதி ஒட்டி வைக்கலாம்.

1. வினாவை வாய்விட்டு இருமுறை படிக்க. 'நீங்கலாக', 'உட்பட', 'திரும்பி வரும்வரை' என்னும் சொற்களின் அடியில் கோடிடுக.
2. வழியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொலைவையும் விரைவையும் எழுதுக.
3. ஒவ்வொரு பகுதியையும் நேரமாக மாற்றுக. மணியா, மணித்துளியா என்பதில் ஒரே அளவைக் கடைப்பிடிக்க.
4. நின்ற நேரங்களை எண்ணிச் சேர்க்க. ஊர் சேர்ந்தபின் நின்றதைச் சேர்க்கற்க.
5. முழுத்தொலைவை முழுநேரத்தால் வகுக்க. விடை ஓட்ட விரைவினும் மிகுந்து வந்தால் எங்கோ பிழையென்று அறிந்து மீண்டும் பார்க்க.

தமிழ் நெஞ்சங்களே! கணக்கு தமிழுக்குப் புதிதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் போலும் நூல்கள் கணக்கைப் பாட்டாகவே பாடி வைத்த மொழி இது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஒப்பித்த பிள்ளைகள், அளவைகளை வீட்டுச் சொற்களிலேயே கற்றனர். இன்றைய பிள்ளைக்கும் அவ்வழி அடைபடவில்லை. நிரவல் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் உள்ளத்தில் ஒரு வயல் விரிய வேண்டும். செலவு என்ற சொல்லைக் கேட்டதும் வழியும் நேரமும் ஒருங்கே தோன்ற வேண்டும். விளங்கிய சொல்லில் வினா வந்தால், கணக்கு அவனை அச்சுறுத்தாது.

இன்றிரவே உங்கள் பிள்ளையை அருகழையுங்கள். ஊருக்குப் போன பேருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கெங்கு நின்றது, எப்போது சேர்ந்தது என்று கேளுங்கள். நிரவல் விரைவை அவனே, அவளே கண்டு சொல்லட்டும். விடை பிழையாயின் சினவாதீர். எந்தச் சொல்லில் இடறினான் என்று தேடுங்கள். அந்தச் சொல்லைத் தமிழில் விளக்கிவிட்டு மீண்டும் கேளுங்கள்.

கற்க! கணக்கிடுக! வெல்க!